ஹாரன் இல்லாத கார்

குமரேசன் ஹாரனைத் தேடிக்கொண்டிருந்தபோது கார் சுவரில் போய் மோதிவிட்டது.

நல்லவேளை, அது டிவிக்குள் ஓடிய கார். ஆனால் அவர் பிடித்திருந்த ஸ்டியரிங் நிஜ ஸ்டியரிங். மோதிய வேகத்தில் அது வெடுக்கென்று திரும்பி, கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது.

“அய்யோ! இன்னாப்பா இது, உள்ள மோதினா வெளிய வலிக்குது?”

“அதான் அங்கிள் இதோட ஸ்பெஷல்!” என்றான் கேம் சென்டர் நடத்தும் ஜெனித். “இது சின்னப் பசங்க வெளையாட்டு இல்ல. அச்சு அசல் காரு. டயரு தேயும், பிரேக்கு சூடாவும், மழ பெஞ்சா வழுக்கும்.”

“எல்லாம் சரி. ஹாரன் எங்க?”

“ரேஸ் கார்ல ஹாரன் கெடையாது அங்கிள்.”

“ஹாரன் இல்லாம எப்பிடிப்பா வண்டி ஓட்டறது? பின்னால ஒருத்தன் வர்றான்னு முன்னால போறவனுக்கு எப்பிடித் தெரியும்?”

“கண்ணாடியில பார்ப்பான்.”

“கண்ணாடியிலயா? விழுப்புரத்துல எவன்பா கண்ணாடியப் பார்த்து ஓட்டறான்? தல சீவத்தான் பார்க்கறான்!”

ஜெனித் ஸ்டியரிங் நடுவில் சிவப்பாக இருந்த பட்டனைக் காட்டினான். “இத அழுத்துங்க. ரீஸ்டார்ட். எத்தினி தடவ மோதினாலும் கார் புதுசா ஆயிடும்.”

அழுத்தினார். நொறுங்கிக் கிடந்த கார் மினுமினுவென்று புறப்பட்ட இடத்தில் வந்து நின்றது. அந்தக் கடையிலேயே அவருக்குப் பிடித்த பொருள் அந்தப் பட்டன்தான்.

ஐம்பதை நெருங்குகிற மனுஷன், விழுப்புரத்தில் மோட்டார் பம்பு கடை மேனேஜர், சாயங்காலம் கடையைவிட்டு இறங்கினால் வீட்டுக்குப் போகிற திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்காமல் எதற்காக இங்கே வந்து சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்? எல்லாம் வாய் செய்த வேலை. பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணின் அண்ணன் கண்ணையன், “மாப்ளைக்குக் கார் ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டார். கண்ணையன் பஸ் டிரைவர். ஒரு ஆளை எடைபோட அவருக்கு வேறு கேள்வி தெரியாது. “ஓ, நல்லாவே ஓட்டுவேன்” என்று குமரேசன் சொல்லிவைத்தார். இரண்டு வீட்டிலும் கார் கிடையாது, வரப்போவதும் இல்லை என்ற தைரியம். அவர் ஓட்டியதெல்லாம் கிளட்சும் இல்லாத கியரும் இல்லாத ஒரு மொபெட்.

அந்தப் பொய் இத்தனை வருஷமாக ஒருத்தரையும் தொந்தரவு செய்யாமல் இருந்தது. இப்போது கண்ணையன் ரிட்டயராகி, சர்க்கரையில் கண்ணும் மங்கி, செட்டில்மென்ட் பணத்தில் வாங்கிய தன் வெள்ளைக் காரை யாரையோ விட்டு ஓட்டிவரச் சொல்லித் தங்கச்சி வாசலில் நிறுத்திவிட்டார்.

“எனக்கு இனிமே ஸ்டியரிங்கு ஆவாது. மாப்ள வெச்சிக்கட்டும். ஞாயித்துக்கெழம திருவாமாத்தூர் கோயில்ல பேரனுக்குக் காது குத்தறோம். எல்லாரும் இதுலதான் போறோம். நான் முன் சீட்டுல குந்திக்கினு மாப்ள ஓட்டறதப் பார்க்கணும்.”

குமரேசன் மனைவி அம்சவள்ளி அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். “எங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்கு முன்னாடியே கார் ஓட்டுவாரு. பெருமையடிச்சிக்க மாட்டாரு, அவ்ளோதான்.” உள்ளே வந்து, “ஆமா, லைசென்ஸ் எங்கங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“தானே புயல்ல ஓட்டோட சேர்ந்து பறந்துடுச்சி.”

“அடப்பாவமே” என்று நம்பினாள். அதுதான் கஷ்டம். அவள் நம்பிவிடுகிறாள். டிரைவிங் ஸ்கூலுக்குப் போகலாமென்றால், எல் போர்டு மாட்டிய அந்தக் கார் தினமும் அவர் தெரு வழியாகத்தான் ஊர்ந்து போகும். அம்சவள்ளி வாசலில் நின்று, “ஐய, யாரோ பாவம்” என்று சிரிப்பாள். வேறு எதிலும் அவரை அவள் பெரிதாக மெச்சிக்கொண்டதில்லை. இந்த ஒன்றிலாவது புருஷன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளே, அதையும் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. அந்த நேரத்தில்தான் ஜெனித் கடை போர்டு கண்ணில் பட்டது: ‘நிஜக் கார் ஓட்டும் அனுபவம்.’ நிஜத்துக்கு நிஜம், எல் போர்டும் கிடையாது. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நிஜம் எவ்வளவு பேஜாரு என்று. கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் கார் தட்டாமாலை சுற்றியது. பிரேக்கை ஒரே அமுக்காக அமுக்கினால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. குமரேசன் யோசித்து, ஒழுங்காக இடது ஓரமாக, சைக்கிள்காரனுக்குப் பயப்படுகிற வேகத்தில் போனார். மற்ற கார்கள் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு போயின.

“இன்னாப்பா, எல்லாம் ராங் சைடுல வர்றானுங்க?”

“அங்கிள், அது ஒன்வே.”

ஓரத்தில் ஒரு ஆள் நீலக் கொடியை ஆட்டினான். குமரேசனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அத்தனை கார் போகும்போது தனக்கு மட்டும் ஆட்டுகிறானே! மரியாதைக்குப் பதில் மரியாதையாக ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையை ஆட்டினார். கார் புல்லில் இறங்கியது.

“அங்கிள், வேகமா வர்றவனுக்கு வழி விடுங்கன்னு சொல்ற கொடி அது!”

அடுத்த முறை சர்வீஸ் ரோடு என்று நினைத்து, ரேஸ் கார்களுக்கு டயர் மாற்றுகிற சந்தில் திரும்பினார். நாலு பேர் ஓடிவந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு டயரையும் மாற்றிவிட்டார்கள். அசந்துபோனார். “தம்பி, நம்ம டோல்கேட்டாண்ட பஞ்சர் கடைக்காரன ஒரு நாளு கூட்டியாந்து இதக் காட்டணும்.”

முட்டியதும் ரீஸ்டார்ட், கவிழ்ந்ததும் ரீஸ்டார்ட். சுவரில் ஒரு பலகையில் டாப் டிரைவர்கள் பேர் எழுதியிருந்தது. முதலிடத்தில் எப்போதும் ‘எஸ்.ஆர்.’ குமரேசன் பேரை எழுத ஜெனித் இன்னொரு பலகை வாங்க வேண்டியிருக்கும்.

மறுநாள் அவருக்குக் காரணம் புலப்பட்டுவிட்டது. புது வண்டியை எடுக்கும்போது சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் யாராவது எடுப்பார்களா? ஜெனித் அந்தப் பக்கம் திரும்பியபோது, பையிலிருந்த பழத்தை எடுத்துப் பெடலுக்குக் கீழே வைத்தார். சக்கரம்தான் இல்லையே, வேறு எங்கே வைப்பது?

அன்றைக்குக் கார் அருமையாகப் போனது. நேர் ரோட்டில் பறந்தது. வளைவு வந்தது. பிரேக்கை அமுக்கினார். பழம் உருண்டு பிரேக்குக்கடியில் போய் உட்கார்ந்திருந்தது. அமுங்கவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தார். ‘பச்’ என்று ஒரு சத்தம். கார் மூன்று குட்டிக்கரணம் போட்டது. பெடலுக்குள்ளிருந்து லேசாகப் புகை வந்தது.

“யாரு அங்கிள் இங்க ஜூஸ் ஊத்தினது?” என்று ஜெனித் தலையில் கைவைத்தான்.

“திருஷ்டிப்பா” என்றார் குமரேசன் பரிதாபமாக.

வீட்டிலும் நிலைமை முற்றியது. சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர் டம்ளரைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினார். சீரியலில் யாரோ ரோட்டைக் கடந்தால் பக்கத்திலிருந்த அம்சவள்ளி காலை அழுத்தி மிதித்தார்.

“ஏங்க, இன்னாத்துக்குக் கால மெதிக்கிறீங்க?”

“குறுக்க வர்றாங்களே!”

“பாவம், கடையில ரொம்ப வேல” என்று அவள் சோற்றில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பைச் சாய்த்து, கம்பியைத் திருப்பிக்கொண்டே வந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் டிரைவர் பொறுக்க முடியாமல் சொன்னார், “சார், ஒண்ணு நீங்க ஓட்டுங்க, இல்ல என்ன ஓட்ட வுடுங்க.”

ஆனாலும் வெள்ளிக்கிழமை அந்த அதிசயம் நடந்தது. ஒரு முழு ரவுண்டு, ஒரு கீறல் இல்லாமல்! கடைசியாகத்தான் வந்தார், மற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்கே போயிருந்தார்கள். அதனாலென்ன? ஜெனித் கை தட்டினான். குமரேசன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் அம்சவள்ளி கடைக்குப் போனதும், வாசலில் நின்ற வெள்ளைக் காரின் கதவைத் திறந்து ராஜா மாதிரி உட்கார்ந்தார். கியரைத் தள்ளிப் பார்த்தார், விழுந்தது. காலைக் கீழே வைத்தார். குனிந்து பார்த்தார். மறுபடி எண்ணிப் பார்த்தார்.

பெடல் மூன்று இருந்தது.

ஜெனித் கடையில் இரண்டுதான். ஒன்று போக, ஒன்று நிற்க. இந்த மூன்றாவது எதற்கு? போகவும் வேண்டாம் நிற்கவும் வேண்டாம் என்றால் அதற்கா? குமரேசனுக்கு வேர்த்துவிட்டது. போட்ட கியரை எடுக்கவும் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஜெனித்துக்குப் போன் போட்டார்.

“டேய் தம்பி, மூணு பெடல் இருக்குதுடா!”

“அது கிளட்ச்சு அங்கிள். அது வேற செட்டு.”

“முடிஞ்சுது என் கத. ஜல்தியா ஒரு நல்ல டிரைவரு வேணும்டா. நாளைக்குக் காலையில.”

“டிரைவரா? நம்ம சவுரிராயன் அண்ணன் இருக்காரே! விழுப்புரத்துல அவர அடிச்சிக்க ஆளு கெடையாது. ராத்திரி பகலு பார்க்காம ஓட்டுவாரு. ஒரு கீறலு வுழாது.”

“அனுபவம் உண்டா?”

“ஃபாரின் ரோடே அவருக்குத் தண்ணி பட்ட பாடு அங்கிள்.”

“துபாயா?”

“துபாயும் ஓட்டியிருக்காரு.”

குமரேசனுக்கு உயிர் வந்தது. அம்சவள்ளி திரும்பி வருவதற்குள் வலது கையில் பட்டையாகத் துணி சுற்றிக்கொண்டார். “பம்பு தூக்கினதுல சுளுக்கிக்கிச்சி. பரவால்ல, ஒரு ஆக்டிங் டிரைவருக்குச் சொல்லிட்டேன்.” அவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் திட்டவில்லை. நல்லெண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து நீவிவிட்டாள். சுளுக்காத கை அன்றைக்குப் பட்ட பாட்டை அவர்தான் அறிவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சவுரிராயன் வந்து இறங்கினார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, பையில் ஒரு விசில். பார்த்தாலே கும்பிடத் தோன்றுகிற டிரைவர். காரைச் சுற்றி வந்தார். டயரைத் தொட்டுப் பார்த்து, “இன்னும் சூடாவல” என்றார். குமரேசன் பக்கம் திரும்பினார்.

“எத்தினி ரவுண்டு சார்?”

“ஒரு ரவுண்டுதாண்ணே. போயிட்டு வந்துடலாம்.”

“அவ்ளோதானா?” அவர் முகம் வாடியது. வானத்தை அண்ணாந்து பார்த்தார். “மழ வருமா? வந்தா டயரு மாத்தணும்.”

முன் சீட்டில் பட்டு வேட்டியோடு குந்தியிருந்த கண்ணையன் உருகிப்போனார். “பார்த்தீங்களா மாப்ள, தொழில் தெரிஞ்சவன்! மழைக்கு டயரு பாக்கறான். எங்க டெப்போல ஒருத்தனுக்கு இந்தப் புத்தி உண்டா? ஏம்பா, ஹாரன் வேல செய்யுதான்னு ஒரு தடவ அடிச்சிப் பாரு.”

“ஹாரனா? இத்தினி வருசத்துல நான் ஹாரனே அடிச்சதில்லிங்க.”

“அடடா! அவன்தான்யா டிரைவரு!”

பின் சீட்டில் கண்ணையன் மகள் காது குத்தப்போகிற குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவளை ஒட்டி அம்சவள்ளி. ஓரத்தில் குமரேசன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எதிர்வீட்டுச் செண்பகம், சுவரோரம் அடுக்கியிருந்த தன் வேர்க்கடலை மூட்டைகளின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். அம்சவள்ளி அவளுக்குக் கேட்கும்படி, “எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் கை சரியா இருந்துச்சின்னா, டிரைவரே தேவையில்ல” என்றாள்.

குமரேசனுக்கு ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. பிறகு சவுரிராயனின் அகலமான முதுகைப் பார்த்தார். இனி என்ன பயம்? பொய் தப்பித்துவிட்டது, நாமும் தப்பித்துவிட்டோம். வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டார்.

சவுரிராயன் சிலுவை போட்டுக்கொண்டார். சாவியைத் திருகினார்.

நேற்றுப் போட்ட கியரிலேயே இருந்த கார் ஒரே தாவாகத் தாவியது. ‘பச், பச்’ என்று எலுமிச்சம்பழம் நசுங்கியது. செண்பகம் வீல் என்று கத்திக்கொண்டு விலக, கார் போய் மூட்டைகளில் மூக்கை நுழைத்துக்கொண்டு ‘டப்’பென்று அணைந்தது. பானெட் முழுக்க மல்லாட்டை கொட்டியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழந்தை மட்டும் கெக்கெக்கே என்று சிரித்தது.

“இன்னாப்பா ஆச்சு? பிரேக்கு புடிக்கலையா?” என்று கண்ணையன் மங்கிய கண்ணைக் கசக்கினார். அம்சவள்ளி குமரேசன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், சுளுக்கின கையென்றும் பார்க்காமல்.

சவுரிராயன் கொஞ்சம்கூடப் பதறவில்லை. ஸ்டியரிங் நடுவில் தடவிப் பார்த்தார். அதன் பின்பக்கம் தடவிப் பார்த்தார். பிறகு நிதானமாகத் திரும்பிக் கேட்டார்:

“சார், இந்த செட்டுல ரீஸ்டார்ட் பட்டன் எங்க கீது?”