பூச்செண்டோடு ஒரு 'வே'

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு யாருமே உதவாவிட்டால், அவர் தட்டுத் தடுமாறி எப்படியாவது பிழைத்துக்கொள்வார். உதவுகிறேன் பேர்வழி என்று ஒருத்தி வந்து சேர்ந்தால்தான் ஆபத்து. எங்கள் அலுவலகத்தில் அந்த ஒருத்தி நான்.

சங்கரன்கோவிலை விட்டு வெளியே வந்து, சீமைக்கருவேலங் காட்டுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் எங்கள் பல்கலைக்கழக மையம் வரும். தலைமை வளாகம் எங்கேயோ இருக்கிறது. அங்கே இடம் இல்லாதவர்களையும், அங்கே யாருக்கும் பிடிக்காதவர்களையும்தான் எங்களிடம் அனுப்புவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. (நான் எந்த வகை என்று கேட்காதீர்கள்.) வருகிறவர்கள் தங்குவதும் இல்லை. ஓர் உதவி நூலகர் ஆடிக் காற்றுக்கே பயந்து ஓடினார். அடுத்து வந்தவர் ஒரு நல்ல நாற்காலி கேட்டு எழுதினார். அது வந்து சேர்வதற்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நூலகம் பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் தேர்வுக்கு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து செல்போனில் படித்தார்கள்.

இந்த நிலைமையில், புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் பழைய பணியாளர் ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "செல்வி, நீங்கதான் நல்லாப் பேசுவீய. இந்தத் தடவ வர்றவரு ஓடிராமப் பாத்துக்கிடுங்க" என்றார். நல்லாப் பேசுவேன் என்பதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அவர் குரலில் ஒரு களைப்பு இருந்தது.

வந்தவர் பூபதி. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பையன். அப்பாவுக்கு மஞ்சள் வியாபாரம். "வியாபாரத்தைப் பாக்காம அத்தன தூரம் போயி புத்தகம் அடுக்கோணுமா?" என்று கேட்ட அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தார். புத்தகம் என்றால் அவருக்கு உயிர். பூட்டைத் திறந்து உள்ளே போனவர், தூசியில் தும்மிக்கொண்டே, "இத்தன நல்ல புத்தகமெல்லாம் இங்க இருக்குதுங்களா அக்கா!" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இந்த ஆளை விடக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

தெற்கு ரத வீதிக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தேன். எந்த பஸ்ஸில் ஏறினால் மையத்து வாசலில் நிறுத்துவான், எந்த பஸ் நிற்காமல் புளியங்குடிக்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஊர்ப் பெருமையைக் காட்ட மட்டன் பிரியாணிக்கும் கூட்டிப்போனேன். இலையில் பிரியாணி வந்து விழுந்த பிறகு, "நான் சைவமுங்க அக்கா" என்றார் மெதுவாக. (அந்தப் பிரியாணி வீணாகவில்லை. அதற்கு மேல் கேட்காதீர்கள்.)

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. பூபதி வாயைத் திறந்தாலே 'ங்க'. மனிதர்களுக்கு மட்டுமில்லை, மேசைக்கும் உண்டு, மின்விசிறிக்கும் உண்டு. "ஃபேன் சுத்தலீங்க, நாற்காலி ஆடுதுங்க, பல்லி விழுந்துருச்சுங்க." எங்கள் பிள்ளைகளுக்கு இது போதாதா? ஒருத்தன் நூலகத்தில் எழுந்து நின்று, "சார், பேசுதீயளா, மணியடிக்கீயளா?" என்று கேட்டிருக்கிறான். அதற்கப்புறம் அவர் "அமைதியா இருங்க" என்றால் நாலு மூலையிலிருந்தும் "சரிங்ங்ங்க" என்று மணி அடித்தது. பூபதி மதியச் சாப்பாட்டைப் புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் போய்த் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். "ஊருக்கே போயிரலாம்னு இருக்கறனுங்க அக்கா. அப்பா சொன்னதுதான் சரிங்க."

எனக்குப் பதறிவிட்டது. இன்னும் சில நாட்களில் பதிவாளர் ஆய்வுக்கு வரப்போகிறார். நூலகம் ஒழுங்காக நடந்தால் அந்தப் பணியிடம் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் தலைமை வளாகத்துக்கு இழுத்துக்கொள்வார்கள். மறுபடியும் பூட்டு, மறுபடியும் வேப்ப மரத்தடி.

"நீங்க ஒண்ணும் போவாண்டாம். எங்க ஊர்ப் பேச்சைப் பேசுங்க. ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். நான் சொல்லித் தாரேன்" என்றேன்.

அன்றைக்கே வகுப்பு தொடங்கிவிட்டது; ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தடவை ஒப்பிக்கச் சொன்னேன். 'அங்க' இல்லை, 'அங்கன'. 'வர்றேன்' இல்லை, 'வாரேன்'. டீக்கடைக்காரரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட வேண்டும். பையன்கள் சத்தம் போட்டால் 'ஏலே'. "ஆனா பொம்பளப் பிள்ளைகளப் பாத்து 'ஏட்டி' மட்டும் வாயில வரக்கூடாது, கேட்டீயளா? வேலை போயிரும்" என்று எச்சரிக்கை வேறு செய்தேன். எவ்வளவு பொறுப்பான ஆசிரியை பாருங்கள்.

பலன் உடனே தெரிந்தது. டீக்கடையில் "அண்ணாச்சி, ஒரு டீ போடுங்க" என்றதற்கு, சும்மாவே ஒரு வடை கிடைத்ததாம். நூலகத்தில் "ஏலே, சத்தம் போடாம படிங்கலே!" என்று அவர் போட்ட அதட்டலில் மணியடித்தவன் உட்பட அத்தனை பேரும் வாயை மூடினார்கள். பூபதி என் அறைக்கு ஓடி வந்து, "அக்கா, வேலை செய்யுதுங்க!" என்றார். (அதற்கும் 'ங்க'தான்.) அன்றைக்கு என் தலை கனத்த கனத்துக்குக் கழுத்து தாங்கியதே பெரிய விஷயம்.

அப்போதுதான் கேட்டார். "சின்னப் பசங்களுக்கு ஏலே, சரிங்க. பெரிய ஆளுங்களுக்கு என்னங்க?"

எனக்கு உடனே எங்கள் அப்பா ஞாபகம் வந்தார். மேலநீலிதநல்லூரில் நாலு பேர் மதிக்கிற மனிதர் அவர். அவரைப் பார்க்க அவருடைய சிநேகிதர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வருவார். "வாரும்வே, உக்காரும்வே" என்பார் அப்பா. "நீரு சொன்னாச் சரிதாம்வே" என்பார் அவர். இரண்டு பேரும் பெரிய மனிதர்கள். அவர்களுக்குள் நடந்தது இந்த 'வே'தான்.

"அதுக்குத்தான் 'வே' இருக்கு" என்றேன். "ஏலேக்கு மேல வே. மதிப்பான ஆளுன்னா வா, போ கிடையாது. வாரும், போம். நீரு, உம்ம."

"வாரும்னா வாங்க மாதிரிங்களா?"

"அதேதான்!"

இங்கே நான் அவரிடம் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். 'வே' ஒத்த வயதுச் சிநேகிதர்களுக்குள், தோளில் கை போடுகிற உரிமை உள்ளவர்களுக்குள் மட்டும்தான். மேலதிகாரியிடம் அதைச் சொல்வது அவர் தோளில் கை போட்டுத் தொங்குவது மாதிரி. இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அதனால் சொல்லித் தர வேண்டும் என்றும் தோன்றவில்லை. அதைவிட, நான் பிறந்ததிலிருந்து ஒருவரையும் 'வே' என்று கூப்பிட்டதே இல்லை. எங்கள் பக்கம் பெண்கள் அந்தச் சொல்லைப் புழங்குவது அபூர்வம். நீச்சல் தெரியாதவள் கரையில் உட்கார்ந்துகொண்டு ஒருவரைக் கிணற்றில் குதிக்கச் சொன்ன கதை இது.

பதிவாளர் வந்த அன்று நல்ல ஆடிக் காற்று. வாசலில் வரவேற்பதற்கு யார் என்று இயக்குநர் கேட்டபோது, "பூபதி வரவேற்கட்டும் சார், நூலகம் பாக்கத்தான வாராக" என்று நான்தான் சிபாரிசு செய்தேன். கையில் பூச்செண்டைக் கொடுத்து, "பயப்படாதீய. சத்தமாச் சொல்லுங்க. காத்துல கேக்காது" என்றும் சொல்லிவிட்டேன்.

கார் வந்து நின்றது. பதிவாளர் இறங்கினார். நரைத்த மீசை, கஞ்சி போட்ட சட்டை, யாரும் சிரித்துப் பார்த்திராத முகம். பூபதி இரண்டு எட்டு முன்னால் போய், பூச்செண்டை நீட்டி, இடுப்பு வரை குனிந்து, காற்றையும் மீறி முழங்கினார்.

"வாரும்வே! என்னவே இம்புட்டு நேரம்? உமக்காகத்தாம்வே எல்லாரும் காத்துக் கெடக்கோம்!"

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். கார் டிரைவர் சட்டென்று குனிந்து, ஒரு குறையும் இல்லாத டயரைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது. யாரும் பதில் பேசாததால், தன் குரல் எட்டவில்லை போல என்று நினைத்த பூபதி இன்னும் அன்பாக, "டீ குடிக்கீராவே?" என்று கேட்டார்.

நான் பாய்ந்தேன். பாயாமல் இருந்திருக்கலாம். "சார், சார்... தம்பி கோபிச்செட்டிபாளையம் சார். அவுக ஊர்ல 'வே'ன்னா ரொம்ப மரியாதை சார்!"

பதிவாளர் என் பக்கம் திரும்பினார். "எங்க வீட்ல அவங்களும் கோபிதாம்மா. இத்தன வருஷத்துல எனக்கு அந்த மரியாதை கெடைக்கலியே."

பூமி பிளக்கும் என்று பார்த்தேன். ஒரு வெடிப்புகூடக் காணோம்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று பூபதியிடம் கேட்டார்.

பூபதியின் முகம் வெளிறிவிட்டது. ஏதோ தப்பு என்பது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இருந்தும் என் பக்கம் திரும்பாமல், "யாருமில்லீங்க. நானாக் கேட்டுக் கத்துக்கிட்டதுங்க" என்றார்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இல்ல சார். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நீங்க எந்த ஊரு?"

"மேலநீலிதநல்லூர் சார்."

"நான் வாசுதேவநல்லூர். அப்ப 'வே'ன்னா என்னன்னு உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. புதுசா வந்த பிள்ளைய வச்சு வேடிக்கை பாத்திருக்கீங்க. அதானே?"

இது எனக்குத் தோன்றவே இல்லாத கோணம். அதைவிட மோசம், பூபதி என்னைத் திரும்பிப் பார்த்தார். நூலகத்தில் மணியடித்த பையன்களைப் பார்த்த அதே பார்வை. "நெசமாலுமே மரியாதை இல்லீங்களா அக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். இந்தப் பையன் என்னையும் கேலி செய்தவர்களோடு சேர்த்து நினைத்துக்கொண்டு மூட்டையைக் கட்டினால் என்ன செய்வேன்?

"மரியாதைதான்!" என்று கத்திவிட்டேன். "எங்கப்பா ஒரே ஒருத்தரத்தான் சார் வே-ன்னு கூப்பிடுவாக. அவரு வந்தாத்தான் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போவாக. அதைப் பாத்துத்தான் சார் சொல்லிக் குடுத்தேன். கேலிக்கு இல்ல சார். நீங்களே சொல்லுங்க, உங்கள ஒருத்தரும் வே-ன்னு கூப்பிட்டதே இல்லையா?"

கேட்ட பிறகுதான், பதிவாளரை நான் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. இயக்குநர் திறந்த கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

பதிவாளர் மீசையைத் தடவினார். "கூப்பிட்டிருக்கானுவ" என்றார். "எங்கூர்க்காரப் பயலுவ அம்புட்டுப் பேரும் கூப்பிட்டிருக்கானுவ. ஆனா எவனும் கையில பூச்செண்ட வச்சுக்கிட்டுக் கூப்பிட்டதில்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். மீசை, தோள், தொப்பை எல்லாம் சேர்ந்து சிரித்தன. டிரைவர் தைரியமாக நிமிர்ந்தார். பதிவாளர் பூபதியின் கையிலிருந்த பூச்செண்டை வாங்கிக்கொண்டு, "வாரும்வே, உம்ம நூலகத்தக் காட்டும்" என்று முன்னே நடந்தார். உள்ளே வெகு நேரம் இருந்தார். பணியிடம் இங்கேயே தங்கியது.

எனக்கும் ஓர் உத்தரவு வந்தது. தலைமை வளாகத்தில் புதிய பணியாளர்களுக்கு நடக்கும் பயிற்சியில் நானும் கலந்துகொள்ள வேண்டுமாம். தலையில் நரை எட்டிப் பார்க்கிற நான், நேற்று கல்லூரி முடித்த பிள்ளைகளோடு முதல் வரிசையில், கழுத்தில் 'புதியவர்' என்ற அட்டையோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் பூபதி. பாடம், பணியிடத்தில் பேசும் முறை. பயிற்சியாளர் "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று சொன்னபோதெல்லாம் பூபதி என் கையைப் பிடித்து அமுக்கினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரிடம், "தம்பி, நான் கேலிக்குச் சொல்லிக் குடுக்கல" என்றேன்.

"தெரியுமுங்க அக்கா. கேலி பண்றவங்க அத்தன தடவ ஒப்பிக்கச் சொல்லமாட்டாங்க" என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காற்றில் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

பூபதி ஓடவில்லை. கல்யாணம் செய்து, எங்கள் தெருவிலேயே குடி வந்துவிட்டார். நூலகத்துக்குப் பூட்டு இரவில் மட்டும்தான். பதிவாளர் ஓய்வு பெற்ற பிறகும் புத்தகம் வேண்டுமென்றால் போன் போட்டு, "என்னவே பூபதி, இருக்கீரா?" என்பார். பூபதி எழுந்து நின்று, "இருக்கறனுங்க ஐயா" என்பார்.

எங்கள் வீட்டில்தான் என் மானம் போயிற்று. பணிவாகப் பேசி யார் காலை வாரிவிட்டாலும், "பூச்செண்டோட வே சொல்லுதான்" என்பார் என் கணவர். போன வாரம் பூபதியின் மகள், பால்வாடிக்குப் போகிற வாண்டு, எங்கள் வாசல் கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தினாள்.

"அத்தே! என்னவே செய்யுதீரு?"

பின்னால் ஓடி வந்த பூபதி, "பாப்பா, அத்தைய அப்படிச் சொல்லக் கூடாது!" என்று பதறினார்.

"ஏன், மரியாத இல்லியா?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மரியாதைதாம்ட்டி" என்றேன்.

உள்ளேயிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "வெறுங்கையோடயா வந்துருக்க? பூச்செண்டு எங்கட்டி?"