டாக்டரைக் கொன்றது யார் என்பதல்ல கேள்வி

இலக்கிய விமர்சகர்களில் பல வகை உண்டு. எழுதியவர் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு நாவலைப் பாராட்டுகிறவர், முன்னுரையை மட்டும் படித்துவிட்டு முடிவுரை வழங்குகிறவர், புத்தகத்தைக் கையில் எடைபோட்டுப் பார்த்து 'கனமான படைப்பு' என்கிறவர் என்று இவர்களையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து தேநீரும் குடித்திருப்பீர்கள். இங்கே நாம் பார்க்கப்போவது இவர்களில் சேராத ஓர் அபூர்வ இனம். இதற்கு 'கதை முக்கியமில்லை' விமர்சகர் என்று பெயர்.

இந்த இனம் மர்ம நாவலைத் தவிர வேறெதையும் முழு மனத்தோடு படிக்காது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும். பல் தேய்த்துக்கொண்டே படிக்கும். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் படித்து, நடத்துநரிடம் திட்டு வாங்கி, அடுத்த ஊரில் இறங்கி, எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் நின்றுகொண்டும் படிக்கும். படித்து முடித்ததும் மேடையேறி, இந்த நாவலில் மர்மம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று முக்கால் மணி நேரம் நிரூபிக்கும். ஏன் நிரூபிக்க வேண்டும்? மர்மக் கதை படிக்கிறவன் என்று ஊரில் பெயர் வந்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு வெளியே போவது?

விழுப்புரம் சக்கரபாணியையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில், மில்ட்ரெட் ஆஷ்கோம் என்ற ஆங்கிலேய அம்மையாரைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசத் தகுதியுள்ள ஒரே மனிதர். அந்தத் தகுதிக்கு இதுவரை போட்டி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆஷ்கோம் போன நூற்றாண்டின் நடுவில் பதினோரு நாவல்கள் எழுதினார். பதினொன்றிலும் ஒரு வீடு, ஒரு பிணம், ஐந்தாறு பேர், எல்லோர் கையிலும் ஒரு தேநீர்க் கோப்பை. புத்தகங்கள் அச்சில் இல்லை. புதுச்சேரியில் பழைய புத்தகக் கடைகளைச் சலித்துச் சலித்து ஒவ்வொன்றாகச் சக்கரபாணி தேடிப்பிடித்தார்.

பிடித்த கையோடு அவர் செய்யும் முதல் காரியம் அட்டை போடுவது. ஆஷ்கோம் புத்தகங்களின் மேலட்டையில் கட்டாயம் ஒரு கத்தி இருக்கும், இல்லையென்றால் வாயைப் பிளந்து அலறும் ஒரு பெண் இருப்பாள். அந்தப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியுமா? மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களுக்குச் சொல்வதைப் போலவே பழுப்புக் காகிதம் வாங்கி, மூலை மடித்து, பசை தடவி, அந்தப் பெண்ணின் வாயை மூடிவிடுவார். லேபிள் மட்டும் ஒட்டமாட்டார்.

வீட்டில் நடப்பது வேறு. சாயங்காலம் தைலம்மாள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டு உட்கார்ந்தால், அவள் கணவர் எதிரில் உட்கார்ந்து அன்றைக்குப் படித்ததைத் தமிழில் சொல்வார். பிரதி, மௌனம், இடைவெளி என்ற சொற்கள் எதுவும் அப்போது அவர் வாயில் வராது. யார் எந்தக் கதவு வழியாக வந்தான், கோப்பையை யார் கழுவினாள், அந்த நேரத்தில் நாய் ஏன் குரைக்கவில்லை என்பதுதான் பேச்சு. கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது 'பூட்டிய பியானோ'. கடலோரத்தில் ஒரு விதவை நடத்தும் தங்கும் விடுதி. நான்காம் அத்தியாயத்தில், அங்கே தங்கியிருந்த கிழட்டு டாக்டர் பாதித் தேநீரோடு நாற்காலியில் செத்துக்கிடக்கிறார். அன்றைக்கே கூடத்தில் இருந்த பியானோவை யாரோ பூட்டிவிட்டார்கள். சாவியைக் காணோம். விதவை, அவள் தங்கை, பியானோ வாத்தியார் ஆகிய மூன்று பேர்மேலும் சந்தேகம்.

தைலம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. வாத்தியார்தான் என்றாள். "கூப்புடாமலே வந்து டீ போட்டுக் குடுக்கறவன நம்பக்கூடாதுங்க" என்றாள். சக்கரபாணிக்கோ தங்கைமேல்தான் கண். இரண்டு வாரமாக வீட்டில் இந்த வழக்கு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் வாசகர் வட்டத்தில் இந்த நாவலைப் பற்றிப் பேச அவர் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்து, வரும்போது முடித்துவிட்டு வர வேண்டும், சாயங்காலம் தனக்கு ஆள் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். முப்பது பக்கம்தான் பாக்கி. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போவதற்குள் முடிந்துவிடக்கூடியது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. அங்கே பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கெடார் கிராமத்து விவசாயி. உட்கார்ந்ததும் இந்த வருஷம் மல்லாட்டை எப்படி ஏமாற்றியது என்று ஆரம்பித்து, கூட்டேரிப்பட்டில் பூச்சிக்கும், திண்டிவனம் மேம்பாலத்தில் மருந்துக்கும் வந்து சேர்ந்தார். புத்தகத்தைப் பார்த்துக் கணக்கு நோட்டா என்று கேட்டார். சக்கரபாணி ஆமாம் என்றார். இன்னும் இருபத்திரண்டு பக்கம் இருக்க, பஸ் டிக்கெட்டைச் செருகி மூடினார். திரும்பும் பஸ்ஸில் முடித்துக்கொள்ளலாம். நாவலை முடித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று எந்த வாசகர் வட்டம் சட்டம் போட்டிருக்கிறது?

கூட்டம் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். நடத்துகிறவர் இருதயராஜ், சொந்தச் செலவில் மைக் வைத்து இலக்கியம் வளர்ப்பவர். அன்றைக்குக் கூட்டத்துக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. சிறப்பு விருந்தினராகச் சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் வந்திருந்தார். சக்கரபாணியின் கட்டுரைகளை 'ஆஷ்கோம்: மௌனத்தின் கட்டடக்கலை' என்ற பெயரில் நூலாகப் போடலாமா என்று பார்த்துப் போக வந்தவர். பதினைந்து வருஷக் கட்டுரைகள். சக்கரபாணிக்கு அந்த நூலின்மேல் எவ்வளவு ஆசை என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வராது, பாவமாக இருக்கும், அதனால் விட்டுவிடுவோம்.

அவர் பேசினார். 'பூட்டிய பியானோ'வை சஸ்பென்ஸ் நாவல் என்பது கடலை உப்புத்தண்ணீர் என்பதற்குச் சமம் என்றார். கைதட்டினார்கள். மரக்காணத்திலிருந்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அமலாவுக்கு மட்டும், கடலும் உப்பளமும் பார்த்து வளர்ந்தவள் ஆகையால், அதில் என்ன தப்பு என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு அவளும் தட்டினாள். யார் கொன்றது என்ற கேள்வி வாசகனின் மலிவான ஆர்வம் என்றார் சக்கரபாணி. ஆஷ்கோம் கொலையை எழுதவில்லை, கொலைக்கும் தேநீருக்கும் நடுவில் இருக்கும் மௌனத்தை எழுதினார் என்றார். பியானோ ஒரு பியானோ அல்ல என்றார். பதிப்பாளர் இரண்டு முறை தலையாட்டினார். சக்கரபாணி இரண்டையும் பார்த்தார்.

கேள்வி நேரத்தில் அமலா எழுந்தாள். மஸ்கட்டில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்து திரும்பியவள். அங்கே ஒரு நோயாளி விட்டுப்போன புத்தகங்களில் இதுவும் ஒன்று என்றும், இரண்டு தடவை படித்ததாகவும் சொன்னாள். தமிழ்நாட்டில் ஆஷ்கோமைப் படித்த இன்னொரு ஜீவன்.

"எனக்கு ஒரே ஒரு டவுட்டு சார். கடைசியில அந்த டாக்டரக் கொன்னது வந்து..."

சக்கரபாணி இரண்டு கையையும் தூக்கினார். லாரிக்கு முன்னால் பிள்ளை ஓடினால் தூக்குவோமே, அப்படி. இருபத்திரண்டு பக்கமும் போச்சு, தைலம்மாளிடம் சொல்லக் கதை இல்லை என்ற பதற்றத்தில் தூக்கிய கைதான் அது. ஆனால் மேடையில் தூக்கிய கைக்கு ஒரு தத்துவம் வேண்டியிருந்தது.

"வேணாம்மா. யார் கொன்னாங்கன்றது முக்கியமே இல்ல. அத விட்டுட்டு யோசிச்சுப் பாருங்க."

அன்றைய கூட்டத்தில் அதிகக் கைதட்டு அதற்குத்தான். அமலா எதையோ பெரிதாகப் புரிந்துகொண்ட முகத்தோடு உட்கார்ந்தாள்.

இப்போதெல்லாம் கூட்டங்களில் பொன்னாடை போர்த்துவதில்லை, புத்தகம் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நல்ல வழக்கம்தான். இருதயராஜும் ஒரு புத்தகம் வாங்கியிருந்தார். அதை வீட்டில் டிவிமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஆனால் மேடை மேசையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், பழுப்புக் காகிதத்தில் பாங்காகப் பொதிந்து, பேர்கூட எழுதாமல் ஒரு புத்தகம் இருந்தது. தன்னுடைய ஆட்களில் யாரோ நேரத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று அவர் மனம் குளிர்ந்து மைக்கைப் பிடித்தார். சிறப்பு விருந்தினருக்கான நினைவுப் பரிசை சக்கரபாணி ஐயா தன் பொற்கரங்களால் வழங்குவார் என்று அறிவித்தார்.

சக்கரபாணி என்ன செய்திருக்க வேண்டும்? இது என் புத்தகம், இன்னும் முடிக்கவில்லை, யார் கொன்றது என்று தெரியாமல் எனக்கு நிம்மதி கிடையாது என்று சொல்லியிருக்க வேண்டும். மைக் அரை முழம் தள்ளித்தான் இருந்தது. அவர் எழுந்தார். புத்தகத்தை எடுத்தார். ஓர் ஆசிரியரின் விரல் பழக்கத்தோடு உள்ளே இருந்த பஸ் டிக்கெட்டை யாருக்கும் தெரியாமல் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருநூற்று முப்பத்திரண்டாம் பக்கத்தில் அது இருப்பதைப் பதிப்பாளர் பார்த்துவிடக்கூடாது அல்லவா? பிறகு சிரித்தபடி கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். பதிப்பாளர் கட்டுரைகளை அனுப்பச் சொல்லிவிட்டு, பொதியைப் பிரிக்காமலே காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார்.

நூல் உறுதியாகிவிட்டது. சக்கரபாணி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாடிப்படியில் நின்று செல்போனை எடுத்துத் தேடினார். உலகம் முழுவதற்கும் சேர்த்து அந்த நாவலைப் பற்றி மூன்று மதிப்புரைகள் கிடைத்தன. மூன்றுமே, முடிவைச் சொல்லி வாசகரின் அனுபவத்தைக் கெடுக்க விரும்பவில்லை என்று முடிந்தன. அந்த நாகரிகத்தை மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினார். மூன்றில் ஒன்று, நாவலை முடிக்காமலே, போன மாதம் அவரே எழுதியது.

பஸ் நிலையத்தில், மரக்காணம் பஸ்ஸுக்கு அமலா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வாசகர் வட்டத்து ஆட்கள் யாரும் இல்லை. அவர் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பற்றி அவளுடைய வாசிப்பு என்ன என்று, பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"மௌனம்தான் சார். நீங்க பேசின பொறவுதான் அது எனக்கே புரிஞ்சுது. வர்ற வழியெல்லாம் அதையேதான் நெனச்சுக்கினு வந்தேன்."

"அது சரிம்மா. அந்தப் பியானோவ எதுக்குப் பூட்டுனாங்க?"

"பியானோ ஒரு குறியீடு சார்."

மரக்காணம் பஸ் வந்து திரும்பியது. கூட்டம் ஏற ஆரம்பித்தது. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக சக்கரபாணிக்கு வெட்கம் விட்டுப்போனது. அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"கொன்னது யாரும்மா?"

அமலா அவரைப் பார்த்தாள். பிறகு ஆசிரியரின் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாணவி மாதிரி சிரித்தாள்.

"டெஸ்ட் வெக்கிறீங்களா சார்? நான் மாட்ட மாட்டேன்."

ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் வெளியே போகும்வரைக்கும் மரியாதையோடு கும்பிட்டுக்கொண்டே போனாள். நல்ல பெண். இனி அவளும் எந்தக் கதையிலும் யார் கொன்றது என்று பார்க்கமாட்டாள்.

விழுப்புரம் பஸ்ஸில் சக்கரபாணிக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. பக்கத்தில் பேச ஆள் இல்லை. நல்ல வெளிச்சம் இருந்தது. இருபத்திரண்டு பக்கம் படிக்க அருமையான பயணம். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது தைலம்மாள் போன் செய்தாள். வாத்தியார்தானே என்று கேட்டாள். உலை வைத்துவிட்டு அதற்காகவே உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யார் கொன்னாங்கன்றது முக்கியமில்ல தைலா."

மறுமுனையில் உலை மூடியை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நீங்க இன்னும் முடிக்கலன்னு சொல்லுங்க" என்றாள்.

பதினைந்து வருஷ விமர்சனப் பணிக்கு ஒரே வரியில் மதிப்புரை வந்துவிட்டது. அதைத் தொகுப்பில் சேர்க்க முடியாது என்பதுதான் வருத்தம்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்களா? மகிழ்ச்சி. ஒரு மனிதரின் அசட்டு கௌரவத்தைப் பற்றிய இந்தச் சித்திரத்தை, அதன் சமூகப் பார்வைக்காகவும் நடைக்காகவும்தான் இவ்வளவு தூரம் படித்தீர்கள். டாக்டரைக் கொன்றது தங்கையா வாத்தியாரா என்று கடைசியில் எப்படியும் சொல்லிவிடுவார்கள் என்ற நப்பாசையில் அல்ல. யாராவது கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைத் திருப்பி, பின்னால் இன்னும் ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கிற கை யாருடையது?