மூன்று முறை பால் காய்ச்சியும் குடிபோகாத வலைத்தளம்

பீர்க்கன்கரணை,
7-2-2009, சனிக்கிழமை

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் எழிலுக்கு, மாமா ஏகநாதன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீ நலமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இடம் மாற இரண்டு நாள் ஆகும் என்பதை மறைத்து, என் ஏரி வலைத்தளத்தை மூன்று முறை நடுத்தெருவில் நிற்க வைத்தாய். இதுதான் நீ செய்த அநியாயம். மின்னஞ்சலில் எழுதினால் "பார்த்தேன் மாமா" என்று ஒரு வரியில் தப்பிவிடுவாய், அதனால்தான் காகிதம்.

நம் ஏரியில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டுவது உனக்குத் தெரியும். நான் எடுத்துத் தளத்தில் வைத்திருக்கும் அறுநூறு படங்களை வரும் வியாழனுக்குள் பார்ப்பதாக ஓர் அதிகாரி ஒப்புக்கொண்டிருக்கிறார். பார்க்காவிட்டால் நான் கொடுத்த மனுவை முடித்துவிடுவார்கள். போன மாதம் ஒருமுறை திறந்தும் பார்த்தார். படம் மேலிருந்து ஊர்ந்து இறங்கி, பாதியில் நின்றுவிட்டதாம். "வானம் நல்லா இருக்கு சார்" என்றார். இடிபாடு கீழ்ப்பாதியில் அல்லவா இருக்கிறது!

வழி சொன்னவன் நீதான். படங்களை ஹாங்காங் வரை பல ஊர்களில் நகல் வைத்து, கேட்பவருக்குப் பக்கத்து ஊரிலிருந்து கொடுக்கும் கம்பெனி ஒன்று உண்டு, நம் தளத்தின் பெயர்ப் பதிவில் பழைய கணினியின் எண்ணை எடுத்துவிட்டு அவர்கள் தரும் பெயரை எழுத வேண்டும் என்றாய். அந்தப் பெயரைப் பார்த்தேன். தூசி தட்டும்போது விசைப்பலகையில் துணி பட்டதுபோல இருந்தது. போகட்டும். "மாத்தினா போதும் மாமா, தானா வந்துரும்" என்றாய். எப்போது வரும் என்று சொன்னாயா? இடம் மாறுவது என்றால் குடிபோவதுதானே? திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, நல்ல நேரத்தில் பெயரை மாற்றினேன். உன் அத்தை கனகவல்லி பால் காய்ச்சினாள். பத்தே கால் ஆயிற்று, நல்ல நேரம் முடிந்தது; படம் பழையபடி ஊர்ந்தது, தளம் புது இடத்துக்கு வரவில்லை. நேரம் தப்பிக் குடிபோகக் கூடாதென்று பழைய எண்ணையே திரும்ப எழுதினேன். புதன்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமையும் அப்படியே. "மூணாவது தடவையா பால் பொங்குது, குடிபோறவங்க யாருங்க?" என்று கனகவல்லி கேட்டாள். சேலையூரில் தன் வீட்டிலிருந்து தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் நண்பர் துளசிங்கம் போன் செய்தார்: "இன்னா சார், கார்த்தால புது வூடு, மத்தியானம் பழைய வூடு? குடி போறியா, வாடகைக்கு வூடு பாத்துகினு கீறியா?" என் கண்ணில் ஒரு தடவைகூடப் படாத புது வீடு அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? இதைத்தான் உன்னிடம் நேற்றுக் கேட்டேன். ஊர் ஊராக இருக்கும் கணினிகள் பழைய விலாசத்தை ஒருநாள், இரண்டுநாள் குறித்து வைத்திருக்கும், அதை மறந்த பிறகுதான் புதியதைக் கேட்கும் என்று அப்போதுதானே வாயைத் திறந்தாய்! இரண்டு நாள் என்றால் இரண்டு ராகுகாலம், இரண்டு எமகண்டம். எந்தக் கணினி எதில் மறக்கும்? பீர்க்கன்கரணை ஏரியைப் பீர்க்கன்கரணையில் பார்க்க, படம் ஹாங்காங் போய் வருமா? அங்கே அதை யார் கண்ணால் பார்க்கிறார்கள்? கோபத்தோடுதான் கேட்கிறேன். ஆனால் தெரிந்தே ஆக வேண்டும்.

ஆகவே, நீ லீவு போட்டுவிட்டு வந்து, தளம் திறக்கும்வரை இங்கேயே உட்கார வேண்டும். எந்த ஊர்க் கணினி எத்தனை மணிக்கு மறக்கும் என்று அந்தக் கம்பெனி எழுத்தில் தர வேண்டும். துளசிங்கம் எனக்கு முன்னால் தளத்தைத் திறக்கக் கூடாது. கனகவல்லி அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். நான் எட்டரைக்கே குளித்துத் தயாராக இருக்க வேண்டும்.

தங்கையை விசாரித்ததாகச் சொல். கோபம் உன்மேல் மட்டும்தான். ஆசி குடும்பம் முழுவதற்கும்.

உன் மாமா,
ஏகநாதன்

பின்குறிப்பு: திங்கட்கிழமை. சனிக்கிழமை காலை நாலாவது முறையாகப் பெயரை மாற்றிவிட்டு இந்தக் கடிதத்தில் உட்கார்ந்தவனுக்கு, எழுதி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. சற்றுமுன் அதிகாரி பேசினார்: "சார், படம் முழுசா தெரியுது. லாரி நம்பரே படிக்க முடியுது. புதன்கிழமை நானே ஏரிக்கு வர்றேன்." இதனால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடாது. ஆனாலும் மேலே எழுதிய எதையும் யாரும் செய்ய வேண்டாம். முக்கியமாக, நான்.