மூப்பருக்கு நான் அடித்த சாவு மணி

மாப்பிள்ளை ஆகப்போகிறவனுக்குக் கை சும்மா இருக்காது. மாமனார் ஆகப்போகிறவர் தயங்குகிறார் என்று தெரிந்தால் இன்னும் மோசம்.

மதராஸிலிருந்து ரங்கூன் போகும் சரக்குக் கப்பலில் எனக்கு வேலை. கம்பத்தின் உச்சியில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு வண்ணம் அடிப்பேன். விடுப்பில் சித்தூர் வந்தபோது, சபை மூப்பர் யோசேப்பு ஐயாவின் மகள் எஸ்தரை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். "எந்நேரமும் தொங்கிக்கினு கீறவனுக்கா? வுழுந்துட்டா எம் பொண்ணு கதி?" என்று அவர் இழுத்தடித்தார். நியாயமான பயம்தான். அதைப் போக்க, கிறிஸ்துமஸுக்குக் கோயில் மணிக்கூண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். (மற்றவர்கள் சாரம் கட்டி அடிப்பார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சல்.) நான் ஏறவேண்டிய அன்று பார்த்து மூப்பர் ஜுரத்தில் படுத்துவிட்டார்.

ஏறுமுன் கூடியிருந்தவர்களுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். காற்று எந்தப் பக்கம், கயிறு எங்கே நைந்திருக்கிறது, கைநழுவினால் எதன்மேல் விழுவோம், எல்லாம் பார்த்த பிறகுதான் கப்பலில் ஏறவே விடுவார்கள் என்றேன். முக்கியமாக, பலகைக் கயிற்றையும் இடுப்புக் கயிற்றையும் ஒரே இடத்தில் கட்டக் கூடாது. பலகையை உத்தரத்தில் கட்டினேன். இடுப்புக் கயிற்றுக்கு உறுதியான இடம் தேடினால், மணிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு கயிறு தொங்கியது. மணியடிக்கும் சாமுவேல் அண்ணனும் அதை நம்பித்தானே கட்டியிருக்கிறார் என்று எனக்குப் பரம திருப்தி.

பலகையில் தொங்கியபடி சுண்ணாம்பு மட்டையை எட்டி நீட்டினேன். டாண்!

எங்கள் சபையில் விட்டு விட்டு ஒற்றை மணி அடித்தால் சாவு. தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, கண்மூடி ஜெபித்தேன். மணி நின்றது. மறுபடி எட்டினேன். டாண்!

கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது.

"யாரு பூட்டாங்க?"

"மூப்பருக்குத்தான் ஜுரம்!"

ஒப்பாரி கிளம்பியது. ஐயோ எஸ்தர் என்று எனக்கும் அழுகை வந்தது. அழுகையில் உடம்பு குலுங்க, மணி இன்னும் வேகமாக அடித்தது.

"சாமுவேல் அண்ணா, போதும், நிறுத்துங்க!" என்று கூண்டுக்குள் கத்தினேன்.

"நான் இங்க கீறேன்பா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. சாமுவேல் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எவன் அடிக்கிறான்னு நீயே எட்டிப் பாரு!"

எட்டிப் பார்த்தேன். டாண்! அப்போதுதான் என் இடுப்புக் கயிறு மணியின் கையை இழுப்பது தெரிந்தது.

அதற்குள் பாதிக் கூட்டம் மூப்பர் வீட்டுக்கு ஓடி, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் மேலேயே விழுந்து அழுதிருக்கிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தன் துக்கத்துக்கு வந்தவர்கள் பின்தொடர, அவரே கோயிலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"எறங்குப்பா."

"எறங்கினா அடிக்கும் ஐயா."

"அடிக்கட்டும். செத்தவன் நானே சொல்றேன், எறங்கு!"

டாண் டாண் என்று இறங்கினேன். கல்யாணம் இனி இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன். அவர் என் இடுப்பு முடிச்சை இழுத்துப் பார்த்தார். இன்னொரு டாண்.

"ஊர்ல எவன் செத்தாலும் இவன் வுழ மாட்டான். பொண்ணைக் குடுத்துடலாம்" என்றார்.

பல வருஷங்கள் கழித்து அவர் உண்மையாகவே போனார். சாமுவேல் அண்ணன் மணி அடித்தார். ஒரு ஜனம் வரவில்லை. நாங்கள் அழுதபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் எதிர்வீட்டு அம்மாள் மட்டும் தலையை நீட்டினாள்.

"ஏம்மா எஸ்தரு, உன் வூட்டுக்காரரு சுண்ணாம்பு அடிக்கிறாரா?"

அப்பாவின் காலடியில் அழுதுகொண்டிருந்த எஸ்தர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.