கடிக்காத பூச்சியும் றெஜினா மச்சாளின் கையும்

மொன்றியல்
சனி இரவு

பெருமதிப்புக்கும் அன்புக்குமுரிய றெஜினா மச்சாளுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கோ. பிள்ளை எலிசா இப்பத்தான் நித்திரையானாள். மடு மாதாவின் தயவில் இங்கே மூன்று பேரும் சுகம். சென்ட் லோரன்டில், புஷ்பராணி அக்கா வீட்டில், உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் போனை நீங்கள் எடுக்காததால் இதை உங்கள் தம்பியாரிடம் கொடுத்துவிடுகிறேன். நாளைக்குக் கோயிலில் தருவார்.

மச்சாள், பிள்ளை பராமரிக்கிற கார்டெரியில் இடம் இல்லை என்பதால் பிள்ளை வீட்டில், பிள்ளை வீட்டில் என்பதால் நான் வீட்டில், நான் வீட்டில் என்பதால் ஆபிரிக்கப் பாறைக்குழிச் சேற்றில் காய்ந்து கிடந்து தண்ணீர் பட்டதும் உயிர்க்கும் என் ஆய்வுப் புழுக்களும் வீட்டில். பேராசிரியருக்குக்கூடச் சொல்லாமல் கொண்டுவந்தவை. புழுவை மட்டும் பார்த்து இன்ன இனம் என்று சொல்ல ஏலாது; அது தோல் கழற்றி, ஆண் பூச்சியாகப் பறந்து, அதன் வால் நுனியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் வகைப்படுத்தலாம். அதனால் புழுவுக்கொரு தேத்தண்ணிக் கோப்பை வைத்து, துணி கட்டி, யன்னலோரம் அடுக்கியிருந்தேன். நீங்கள் விமான நிலையத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றமுன்னமே கண்டுவிட்டீர்கள்.

"என்ன ஜெயனி, வீட்டுக்குள்ள நுளம்புக் குடம்பி வளக்கிறியோ? எங்கட ஊரில எண்டால் சுகாதாரக்காரர் வழக்கெல்லோ போட்டிருப்பினம்!"

"இது கடிக்காது மச்சாள். கடிக்க வாயே இல்லை."

"அது அதின்ர நெத்தியில எழுதிக் கிடக்கோ?"

நான் சிரித்தேன். சிரிக்காமல் விளங்கப்படுத்தியிருக்க வேணும். அடுத்த நாள் நான் பிள்ளையைக் குளிப்பாட்டி முடிக்கமுன் நீங்கள் எல்லாக் கோப்பையையும் ஊற்றி, சவுக்காரம் போட்டுக் கழுவி, ஒன்றில் எனக்குத் தேத்தண்ணியும் தந்தீர்கள். பாதி குடித்த பிறகுதான் கோப்பையை மட்டுக்கட்டினேன். அதற்கு முதலே தப்பிப் பறந்த ஒரே ஒரு ஆண் பூச்சி திரைச்சீலையில் இருந்தது. நான் போத்தல் எடுத்து வருவதற்குள் அது எலிசாவின் கன்னத்துக்கு வர, உங்கள் கையும் வந்துவிட்டது.

"நீங்கள் பிள்ளை பாக்க வந்தனீங்களோ, என்ர படிப்பைக் குழப்ப வந்தனீங்களோ?" என்று கத்தினேன். நீங்கள் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் பெட்டியை அடுக்கினீர்கள். உங்கள் மகன் நிஷான் டெங்குவோடு கிடந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நித்திரையில்லாமல் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் அப்படிச் சொன்னேன். எலிசா கதவடியில் நின்று "மாமி, மாமி" என்கிறாள்.

திரும்பி வாங்கோ. மிஞ்சிய சேற்றை நனைத்ததில் ஒரு புழு பிழைத்து, இன்று ஆண் பூச்சியாகக் கோப்பைத் துணிக்குள் இருக்கிறது. காலையில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவேன். என் பட்டமே அதில்தான் நிற்கிறது. நீங்கள் ஒரேயொரு சத்தியம் செய்தால் போதும்: எந்தப் பூச்சி என்று என்னைக் கேட்காமல் அடிக்கக்கூடாது. படித்த மனுசர் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டவேணும், இல்லையோ?

புஷ்பராணி அக்கா வீட்டாருக்கு எங்கள் அன்பு. கர்த்தர் உங்களைக் காப்பாராக.

பணிவுள்ள தம்பி மனைவி,
ஜெயனி

பி.கு.: உறை எடுத்துக்கொண்டு வந்தபோது கோப்பைத் துணி நழுவியிருந்தது. எலிசாவின் தொடையில் ஏதோ கறுப்பாய் இருந்தது. உணர்கொம்பு, வால் நுனி ஒன்றும் பார்க்கவில்லை, மச்சாள். அடித்துவிட்டேன். சத்தத்தில் பிள்ளை எழும்பி இருட்டுக்குள் "மாமி?" என்று கேட்டாள்.

சத்தியம் ஒன்றும் வேண்டாம். கெதியாய் ஒரு பதில் போடுங்கோ.