கதிர்ப்பொறியின் ஒன்பது வணக்கங்கள்

வரைபடத்தை மடிக்கும்போது மடிப்பு விழுகிற இடத்தில் இருப்பதால், நிமிர்நாட்டைப் பலரும் பார்த்ததில்லை. சிறிய நாடு. வடகோடியில் ஒரு குன்று, குன்றின் மேல் அரண்மனை, கீழே தலைநகரம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் தங்கள் மன்னரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். போட்டியிடுபவர் ஒருவரே என்பதால் தேர்தல் அமைதியாக நடக்கும். "நானல்ல, நீங்களே மன்னர்" என்பது அவருடைய முழக்கம். நகரத்தில் அது எழுதப்படாத சுவர் கிடையாது.

அந்நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அரசுக்குச் சொந்தமான எதுவும், ஒரு வேலையை முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் அரண்மனை இருக்கும் வடக்கே திரும்பி மூன்று முறை தலைதாழ்த்த வேண்டும். தபால் வண்டிக்காரர் ஒவ்வொரு வாசலிலும் மாட்டைத் திருப்பி நிறுத்துவார். தீயணைப்பு வண்டி எரியும் வீட்டின் முன் நின்று வணங்கிவிட்டுத்தான் குழாயைத் திறக்கும். அதற்குள் வீடு எரிந்து முடிந்திருந்தால், அடுத்த வீட்டுக்குப் போகுமுன் இன்னொரு முறை வணங்கும். மக்கள் வெயிலைப் பற்றிக் குறை சொல்வார்கள், விலைவாசியைப் பற்றிச் சொல்வார்கள். இதைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

இந்த நாட்டு அரசு மருத்துவமனைக்குக் கடல் கடந்து ஒரு கதிர்ப்பொறி வந்தது. உடலுக்குள் வளரும் கட்டிகளைக் கண்ணுக்குத் தெரியாத கதிரால் சுட்டுக் கரைக்கும் பொறி. நோயாளி நடுவில் அசையாமல் படுத்திருப்பார். பொறியின் நீண்ட கை அவரைச் சுற்றி வந்து ஒன்பது கோணங்களிலிருந்து கதிரைப் பாய்ச்சும். ஒரே பக்கத்திலிருந்து முழுவதையும் பாய்ச்சினால் வழியிலுள்ள நல்ல சதையும் வெந்துவிடும். ஒன்பது பேர் சேர்ந்து தூக்கும் பாரம் எந்தத் தோளையும் முறிக்காது என்பதுதான் கணக்கு. எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகத் திட்டம் போடும் வேலையில் பூங்காவனம் என்ற பெண் இருந்தாள். நாட்டில் அந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பொறியை நிறுவிய அன்றே அரண்மனைச் சடங்குத் துறையினர் வந்து அதற்கு வணங்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு கோணம் முடிந்ததும் கை திரும்பி வந்து வடக்கு நோக்கி நிற்கும். மூன்று முறை தாழும். நாட்டுப்பாடல் ஒலிக்கும். பிறகு அடுத்த கோணத்துக்குப் போகும். ஒரு வணக்கத்துக்கு, போக வர நான்கு நிமிடம். ஒன்பது வணக்கத்துக்கு முப்பத்தாறு. கதிர் பாய்வது மொத்தம் ஆறு நிமிடம். ஆகவே ஒரு நோயாளி நாற்பத்திரண்டு நிமிடம் படுத்திருக்க வேண்டும். முப்பத்து மூன்று நாள் விடாமல் வர வேண்டும். பாதியில் எழுந்துவிட்டால் அதுவரை வந்த நாட்களும் கணக்கில் சேராது. மறுபடி முதலிலிருந்து.

இடும்பனால் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் படுக்க முடியவில்லை.

இடும்பன் அரச முரசறைபவர். முரசறைந்து வாசித்தால்தான் எந்த ஆணையும் செல்லுபடியாகும். வாசித்து முடித்ததும் அவர் மூன்று அடி அடிப்பார். கூட்டம் மொத்தமும் வடக்கே திரும்பி வணங்கும். அவருடைய தொண்டையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி வந்திருந்தது. மல்லாந்து படுத்தால் அது மூச்சுக்குழாயை அழுத்தும். மூன்றாவது வணக்கத்தின் நடுவிலேயே இருமிக்கொண்டு எழுந்துவிடுவார். கட்டி கோழிமுட்டை அளவுக்கு வளர்ந்துவிட்டால் பொறியாலும் பயனில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கு எம்புட்டு தூரம் வந்தேன் தாயி?" என்று காற்றோடு கலந்த குரலில் கேட்பார்.

"மூணாவது கோணம்ணே."

"பரவால்ல. நேத்து ரெண்டுலயே நாட்டுப்பாட்டு என்னைக் கொன்னுருச்சு."

மருத்துவமனை வாசலில் வரிசை நீண்டது. தேர்தல் வேறு வந்துகொண்டிருந்தது. சிகிச்சை நேரம் குறைக்கப்படும் என்று பேரமைச்சர் கோதண்டர் அறிவித்தார்.

முதல் ஆணை கோணங்களை ஒன்பதிலிருந்து நான்காகக் குறைத்தது. கதிரின் மொத்த அளவு மட்டும் குறையவில்லை. பூங்காவனம் கையெழுத்திட மறுத்ததால் முத்திரை குத்தி நடத்தினார்கள். இரண்டு வாரத்தில் நோயாளிகள் கழுத்திலும் மார்பிலும் கொப்புளங்களோடு நடமாடினார்கள். அவை கொப்புளங்கள் அல்ல, நலம்பெறுவதன் முத்திரைகள் என்று அரசு விளக்கியது. முத்திரை பெற்றவர்களில் நால்வர் இறந்த பிறகு, ஒன்பது கோணங்கள் ஓசையில்லாமல் திரும்பி வந்தன.

இரண்டாவது ஆணை இன்னும் நுட்பமானது. கதிர் பாயும் நேரம் மட்டுமே சிகிச்சை நேரம். வணக்கத்துக்கு ஆவது நாட்டுப்பற்று நேரம். அதைச் சிகிச்சைக் கணக்கில் சேர்ப்பது குற்றம். அன்று காலை நாற்பத்திரண்டாக இருந்த சிகிச்சை நேரம் மாலைக்குள் ஆறாகக் குறைந்தது. நகரத்தில் இனிப்பு வழங்கினார்கள். அந்த ஆணையை வாசித்தவர் இடும்பன்தான். முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது. வேறு ஆளைப் போடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, கேட்காத ஆணையை யாரும் எதிர்ப்பதில்லை என்று கோதண்டர் சொல்லிவிட்டார்.

மூன்றாவது ஆணையின்படி, வணக்கத்தின்போது எழுவது அவமதிப்பு. ஆகவே நோயாளிகளைத் தோல் வாரால் கட்டிப் படுக்க வைத்தார்கள். முதல் நாளே இடும்பனின் முகம் நீலமாக மாறியது. பொறியை ஓட்டும் மாசானம் ஓடிப்போய் வாரை அறுத்தான். வாரின் விலையை அவன் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பூங்காவனம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பேரமைச்சரைப் பார்க்கப் போனாள். தாளில் ஒரு வட்டமும் அதன்மேல் ஒன்பது புள்ளிகளும் இருந்தன.

"ஐயா, கதிர் பாயுறது ஆறு நிமிஷம். கை ஒரு பக்கமாவே போயி ஒன்பது கோணத்தையும் வரிசையா முடிச்சா, சுத்தி வர ரெண்டு நிமிஷம். மொத்தம் எட்டு. மிச்சம் முப்பத்திநாலு நிமிஷமும் கை வடக்க போயிட்டுப் போயிட்டு வர்றதுதான்."

கோதண்டர் தாளை நெடுநேரம் பார்த்தார். "இதில் அரண்மனை எங்கே?"

"இது நோயாளியோட படம்ங்க."

"அரண்மனை இல்லாத ஒரு படத்தை என் மேசைக்குக் கொண்டுவரும் துணிவு தங்களுக்கு எங்கிருந்து வந்தது?"

"ஒன்பது தடவைக்குப் பதிலா கடைசில ஒரு தடவை வணங்கட்டுமேங்க."

"அப்படியானால் எஞ்சிய எட்டு வணக்கங்களை யார் எடுத்துக்கொள்வது? தாங்களா? நாடு பொறுமையாக இருக்கிறது அம்மையே. நோயாளியும் பொறுமை காக்கட்டும்."

"நோயாளி காப்பாருங்க. கட்டி காக்காது."

அவளுக்கு ஒரு மாதச் சம்பளம் வெட்டப்பட்டது.

அந்த மாதத்தில்தான் மன்னரின் பிடரியில் ஒரு கட்டி தோன்றியது.

சடங்குத் துறை மூன்று நாள் கூடிப் பேசியது. சிக்கல் புதியது. மன்னர் பொறியின் நடுவில் படுத்திருக்கும்போது கை வடக்கே திரும்பினால், அது ஆளில்லாத அரண்மனையை வணங்கி, இருக்கும் மன்னருக்கு முதுகு காட்டியதாகும். அதுவோ தலைபோகும் குற்றம். கையோ எந்தக் கோணத்தில் நின்றாலும் படுத்திருப்பவரையே பார்த்து நிற்கும்படி செய்யப்பட்டது. ஆகவே அது எந்நேரமும் மன்னரை வணங்கிக்கொண்டேதான் இருக்கிறது என்று தீர்மானித்து, "மன்னர் படுத்திருக்கும் இடமே வடக்கு" என்று எழுதி முத்திரை வைத்தார்கள்.

மன்னர் படுத்தார். கை ஒரே சுற்றாகச் சுற்றியது. எட்டு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவுதானா? இதற்கா என் மக்கள் முறையிடுகிறார்கள்?"

"மக்களுக்கு எதையும் பெரிதாக்கிப் பழக்கம், மன்னா" என்றார் கோதண்டர்.

மறுநாள் காலை இடும்பன் வந்தார். படுக்க வரவில்லை. சொல்லிக்கொண்டு போக வந்தார்.

"போதும் தாயி. மூச்சை நிறுத்தணும்னு ஒரு ஆணை வந்தா அதையும் நான்தான் வாசிக்கணும். அதுக்குள்ள தானா நின்னுட்டா நல்லது."

பூங்காவனம் அவரை உட்காரச் சொன்னாள். திட்டத்தாளை எடுத்தாள். அதில் படுப்பவர் பெயர், அவர் பதவி என்று இரண்டு கட்டங்கள் உண்டு. பெயர்க் கட்டத்தில் இடும்பன் என்று எழுதினாள். பதவிக் கட்டத்தில் மன்னர் என்று எழுதினாள்.

மாசானம் தாளை வாங்கிப் பார்த்தான். "அக்கா, இது..."

"சன்னல் வழியா எதிர்ச் சுவரைப் பாரு. என்ன எழுதியிருக்கு?"

அவன் பார்த்தான். படித்தான். "நானல்ல, நீங்களே மன்னர்."

"அதை ஊரெல்லாம் முரசடிச்சுச் சொன்னதே நான்தான்" என்றார் இடும்பன். "அப்ப நம்பல."

"மன்னர் படுத்திருக்குற இடம்தான் வடக்கு. முத்திரை வச்ச ஆணை. மாசானம், ஓட்டு."

கை சுற்றியது. எட்டாவது நிமிடத்தில் அது நின்றபோது இடும்பன் இருமவில்லை. அப்படியே படுத்திருந்தார். "முடிஞ்சிருச்சா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அன்று வந்த எல்லாருடைய தாளிலும் அவள் மன்னர் என்றே எழுதினாள். மீன் விற்கும் ஒரு கிழவி தன் தாளைக் கேட்டு வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டாள். பத்து நாளில் வாசலில் வரிசை காணாமல் போயிற்று. வரிசை இல்லாத அரசு மருத்துவமனை என்ற செய்தி சந்தேகத்துக்குரியதாக இருந்ததால், கோதண்டர் காவலர்களோடு வந்தார்.

"யாரைக் கேட்டு இவர்களையெல்லாம் மன்னர் என்று எழுதினீர்கள்?"

"சுவரைக் கேட்டுங்க."

"அது சுவருக்கு எழுதியது!"

"அப்ப சுவருதான் மன்னருங்களா?"

காவலர்களில் ஒருவன் இருமுவதுபோல் முகத்தை மூடிக்கொண்டான். கோதண்டர் விலங்கைக் கொண்டுவரச் சொன்னார். பூங்காவனம் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"போடுங்க. மன்னருக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் பாக்கி. கோணம் போடுற கை இதுதான்."

விலங்கு திரும்பிப் போனது. இருபத்திரண்டு நாள் கழித்து, மன்னர் கடைசியாக எழுந்த அதே நொடியில் மறுபடி வந்தது. இடும்பனுக்கு ஒரே ஒரு நாள் மீதி இருந்தது. அவள் மாசானத்திடம் ஒரு தாளை நீட்டினாள்.

"நாளைக்குள்ளது. நேத்தே எழுதி வச்சிட்டேன்."

"பதவிக் கட்டம்?"

"நிரப்பியிருக்கு."

மறுநாள் விடிந்ததும், புதிய ஆணை எதுவும் வந்து சேருமுன், மாசானம் பொறியை ஓட்டினான். முப்பத்து மூன்றாவது நாள். எட்டு நிமிடம்.

பூங்காவனம் சிறைக்குப் போய் ஒரு மாதம் ஆயிற்று. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு கோதண்டர் தெளிவுரை ஆணை ஒன்றைத் தயாரித்தார். வழக்கம்போல் அதை இடும்பனிடமே கொடுத்தார். முதல் வரிசையைத் தாண்டாத அந்தக் குரல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்த ஒரு மாதமாக அந்தக் குரலை அவர் கேட்டிருக்கவில்லை.

சந்தைத் திடலின் தென்முனை மேடையில் இடும்பன் ஏறினார். கூட்டம் அரண்மனைக்கு முதுகு காட்டி அவரைப் பார்த்து நின்றது. வாசித்து முடித்ததும் எல்லாரும் திரும்பப்போகிறார்கள் என்பதால் அது குற்றமில்லை. அரண்மனை மாடத்தில் மன்னரும் கோதண்டரும் வணக்கத்தை ஏற்கக் காத்திருந்தார்கள்.

முரசு ஒலித்தது. இடும்பன் வாசித்தார். குரல் கரகரத்தது, ஆனால் திடலின் கடைசியில் மீன்கூடையோடு நின்ற கிழவிக்கும் கேட்டது. ஒரு சொல்லையும் அவர் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நீங்களே மன்னர் என்பது வாழ்த்துரை, பதவி அன்று. இன்று முதல் குடிமக்கள் மன்னர் அல்லர். தம்மை அவ்வாறு கருதுவது குற்றம். கதிர்ப்பொறி முன்போல் ஒன்பது முறை வணங்கும். வணங்காமல் நோயாளிகளைக் குணமாக்கிய பூங்காவனம் ஆயுள் முழுவதும் சிறையில் இருப்பாள்."

மக்கள் அந்த மூன்று அடிக்காகக் காத்து நின்றார்கள். இடும்பன் குச்சியை உயர்த்தினார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அம்புட்டுத்தான், மன்னர்களே. வீட்டுக்குப் போங்க" என்றார். "போற வழியிலதான் சிறைச்சாலை இருக்கு."

மாடத்தில் இருந்தவர்கள் முகங்களுக்காகக் காத்திருந்தார்கள். தெரிந்ததெல்லாம் முதுகுகள். அவை தெற்கே நகர்ந்தன.

திடலிலிருந்து சிறைவாசலுக்கு அரசு வண்டியில் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். கூட்டம் எட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழியில் யாரும் வடக்கே திரும்பி நிற்கவில்லை.