அக்காவை ஏற்ற மறுத்த பஸ்

கையில் ஸ்பேனரும் போனில் இருபது வீடியோவும் வைத்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பட்டதாரியைவிட ஆபத்தான பிராணி வடசென்னையில் கிடையாது. எண்ணூர் முகத்துவாரத்துப் பாம்புகளையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தப் பிராணியாக ஏறக்குறைய ஒரு வருடம் நான் நடமாடினேன்.

எர்ணாவூரில் பாபு என்றொரு மெக்கானிக். என்னைவிட நாலு வயது பெரியவன். கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு பிரேக் பார்ப்பது தொழில். யாரோ கழித்துப்போட்ட முப்பது வருடப் பழைய சொகுசு பஸ் ஒன்றை வாங்கி, வேலை இல்லாத நேரங்களில் அதைத் தேற்றிக்கொண்டிருந்தான். நான் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன் (அதாவது, பதினொரு மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன்). போய் ஒட்டிக்கொண்டேன். அந்த ஷெட்டில் 'ரெஸ்டோரேஷன்' என்ற சொல்லை முதலில் உச்சரித்தவன் நான்தான். பாபு அதுவரை 'ரெடி பண்றேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தான், பாவம்.

பஸ்ஸின் விசேஷம் அதன் ஏர் சஸ்பென்ஷன். சக்கரங்களுக்கு மேலே இரும்புப் பட்டைகளுக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள். ஆள் ஏறி பஸ் தாழ்ந்தால் ஒரு வால்வு பைக்குள் காற்றை விட்டு நிமிர்த்தும். உயர்ந்தால் காற்றை வெளியேற்றும். தாழ்ந்ததா, உயர்ந்ததா என்று வால்வுக்குச் சொல்வது ஒரு சாண் நீள லீவர். பின்பக்கம் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பைகள் கிழிந்திருந்தன, வால்வுகள் அழுக்கடைந்திருந்தன. அவற்றைக் கழற்றும்போது பாபு ஒவ்வொரு லீவரிலும் ஒரு பக்கமாக மஞ்சள் பெயிண்டைத் தடவினான்.

"மஞ்சா மேல பாத்துகினு கீற மாரி மாட்டணும். திருப்பி மாட்டுன, வண்டி தலகீழா யோசிக்கும். புரிதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். அவன் மாதவரத்தில் நின்றுபோன லாரியைப் பார்க்கக் கிளம்பியதும், நான் என்ன செய்தேன் தெரியுமா? தின்னரில் துணியை நனைத்து அந்த மஞ்சளைச் சுத்தமாகத் துடைத்தேன். கம்பெனியிலிருந்து வந்தபோது மஞ்சள் இல்லையாம். ஒரிஜினாலிட்டி கெடுகிறதாம். பளபளவென்று ஆன லீவர்களைப் பேப்பரில் வரிசையாகப் பரப்பி, போட்டோ எடுத்து, பழைய பஸ் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினான்கு பேர் கைதட்டினார்கள். அதில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு நட்டைக் கழற்றியவரில்லை.

எந்தப் பக்கம் மேலே என்பது மறந்துபோயிருந்தது. அழகாகத் தெரிந்த பக்கத்தை மேலே வைத்து மாட்டினேன். காற்றேற்றினேன். பஸ் நேராக நின்றது. காற்று கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எங்கும் ஒரு குமிழி இல்லை. திரும்பி வந்த பாபு கேட்டான்: "மஞ்சா பாத்து தானே மாட்ன?"

"பாத்துதான்" என்றேன்.

"நாலு பேர ஏத்தி ஒரு ரவுண்டு வுட்டு பாத்துடலாம்."

"கணக்குப்படி சரியா இருக்கு பாபு. தேவையில்ல."

இந்தப் பொய்க்கு இரண்டு நாள் கழித்து என் அக்காவின் கல்யாணம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து ராயபுரம் சர்ச்சுக்கு, தூத்துக்குடியிலிருந்து வந்த சொந்தங்களையும் மணப்பெண்ணையும் அந்த பஸ்ஸில்தான் அழைத்துப்போவது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அப்பா ஏற்கெனவே வேன்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"சைக்கிள் செயினே மாட்டத் தெரியாதவம்லா இவன். இவனை நம்பி வேனை வேண்டாங்கவா?" என்றார்.

"இந்த ஒரு காரியத்தையாவது முடிச்சிருவாம்ப்பா. நான் சொல்லுதேன்" என்றாள் அக்கா. அவளே போன் போட்டு வேன்களை நிறுத்தினாள். என்னை நம்பிய ஒரே ஜீவன்.

கல்யாணத்தன்று காலை பாபு வெள்ளைச் சட்டையில் பஸ்ஸை ஓட்டிவந்தான். "இன்னா மாமு, படகு கணக்கா ஆடுது?"

"புதுப் பை. செட்டாகணும்" என்றேன், துளியும் கூசாமல்.

முப்பது பேர் ஏறினார்கள். இடப்பக்க ஜன்னல்களில் கிழக்கு வெயில் அடித்ததால் அத்தனை பேரும் வலப்பக்கமாக நெருக்கிக்கொண்டார்கள். வலப்பக்கம் 'புஸ்' என்று தாழ்ந்தது.

"எய்யா, பஸ்ஸு உக்காருதே?" என்றாள் பெரியம்மா.

"அது சிஸ்டம் பெரியம்மா. பெரியவங்க உக்காந்தா தானா தாழ்ந்து கொடுக்கும்."

"எம்புட்டு மரியாதயான வண்டி" என்று அவள் ஜன்னல் கம்பியைத் தடவிக்கொடுத்தாள்.

கடைசியாக அக்கா, வெள்ளைப் பட்டில், கையில் பூச்செண்டோடு, இடப்பக்கம் இருந்த பின்வாசலுக்கு வந்தாள். படியில் வைக்கக் காலைத் தூக்கினாள். படி நாலு விரற்கடை மேலே போனது. காலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கினாள். படி இன்னும் கொஞ்சம் போனது. தாழ்ந்த பக்கம் காற்றை வெளியேற்றிக்கொண்டும், உயர்ந்த பக்கம் காற்றை வாங்கிக்கொண்டும் இருந்தது. பாபு சொன்னபடியே தலைகீழாக யோசித்துக்கொண்டிருந்தது வண்டி.

"நில்லுக்கா, சரியாயிரும்."

"நான் நின்னுட்டுதாம்ல இருக்கேன். அதுதான் நிக்க மாட்டேங்கு."

எனக்குள்ளிருந்த விஞ்ஞானி விழித்தான். எல்லோரையும் இடப்பக்கம் மாறி உட்காரச் சொன்னேன். முப்பது பேரும் பட்டுப்புடவை சரசரக்க மாறினார்கள். இப்போது அந்தப் பக்கமும் நீளமாகப் பெருமூச்சு விட்டுச் சரிந்தது. மட்கார்டு டயர்மேல் உட்கார்ந்தது. பஸ் அவ்வளவுதான்.

பாபு வெள்ளைச் சட்டையோடு தெருவில் படுத்து, போன் வெளிச்சத்தில் அடியில் பார்த்தான்.

"மஞ்சா எங்க?"

"அது... ஒரிஜினல் இல்லனு..."

"தொடச்சிட்டியா?"

"தின்னர்ல."

"பாத்து மாட்னேன்னியே." கத்தவில்லை. கத்தியிருக்கலாம். எழுந்து அப்பாவிடம் போனான். "ஜாக்கி எர்ணாவூர்ல கீதுபா. எட்னு வந்து தூக்கி மாட்ட ஒன் அவர் ஆவும்."

சர்ச்சில் பத்து மணிக்கு ஆராதனை. மணி ஒன்பதே முக்கால். அக்கா புடவையைக் கணுக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்து, வந்த முதல் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். அப்பா பின்னால் ஏறினார். நான் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன்.

முழு ஆட்டோவும் எங்களுக்குத்தான் என்று டிரைவரிடம் சொல்ல எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை. காசிமேட்டில் அவர் நிறுத்தி, "ராயபுரம், ராயபுரம்" என்று கூப்பிட, மீன்கூடையோடு ஓர் அம்மா ஏறினார். அக்கா தள்ளி உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, கல்யாணப் பொண்ணா? ஒரு காரு கூடவா புடிக்கல உங்க வூட்ல?"

"தம்பி எஞ்சினியருங்க" என்றாள் அக்கா.

"ஐய, பாவமே" என்று அந்த அம்மா கூடையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

முப்பத்தைந்து நிமிடம் தாமதம். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று, பெண் ஓடிப்போய்விட்டாளோ என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். போதகர் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பெரியம்மாவும் மற்றவர்களும் கிடைத்த ஆட்டோக்களில் ஏறி, தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அன்று மதியமே பாபு லீவர்களைத் திருப்பி மாட்டி பஸ்ஸை நிமிர்த்தினான். அது இன்றைக்கும் கல்யாணங்களுக்கு ஓடுகிறது. அதன் பக்கத்தில் போக எனக்கு அனுமதியில்லை.

அக்காவின் மகளுக்கு இப்போது நாலு வயது. இந்தக் கதையை அவள் தினமும் கேட்டுத்தான் சாப்பிடுகிறாள். போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு தண்டையார்பேட்டையில் பஸ் ஏறப் போனேன். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை, கண்டக்டரை அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த பஸ்ஸ எங்க மாமா ரிப்பேர் பண்ணாரா?"

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இல்ல பாப்பா."

அதன் பிறகுதான் ஏறினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், என் இரண்டு கைகளையும் பிடித்து மடியில் வைத்து, இறங்கும்வரை எடுக்கக்கூடாது என்றாள்.